திரையில் பிறந்து திரைக்கே திரும்பிய ஆட்டம்: 1995-இன் ‘மார்ட்டல் காம்பாட்’

1995 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் ‘மார்ட்டல் காம்பாட்’ வெளியானபோது, வீடியோ கேமைப் படமாக எடுத்தால் நட்டம் நிச்சயம் என்ற எண்ணம் ஹாலிவுட்டில் வலுத்திருந்தது. அதற்குக் காரணங்களும் இருந்தன. 1993-இல் பெரும் பொருட்செலவில் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ போட்ட பணத்தில் பாதியைக்கூட அமெரிக்க வசூலில் எடுக்கவில்லை. 1994 நவம்பரில் வந்த ‘டபுள் டிராகன்’ வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. அடுத்த மாதமே வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ உலக அளவில் பணம் ஈட்டினாலும், விளையாட்டை நேசித்தவர்களுக்கு ஏமாற்றத்தையே தந்தது. சண்டை விளையாட்டின் உயிரான நேருக்கு நேர் மோதலை ஒதுக்கிவிட்டு, ராணுவ சாகசக் கதையொன்றை அது சொல்லிக்கொண்டிருந்தது. இந்த நிலையில், ஒரே ஒரு முழுநீளப் படம் மட்டுமே எடுத்திருந்த ஆங்கிலேய இயக்குநர் ஒருவர், பெரிய நட்சத்திரப் பட்டாளம் இல்லாமல், சுமார் 2 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்க வசூல் பட்டியலில் தொடர்ந்து மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

நல்வாய்ப்பு, விளம்பரம், பதின்பருவத்தினரின் ஆர்வம் ஆகியவை இந்த வெற்றிக்குக் காரணங்களாகச் சொல்லப்படுவதுண்டு. அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு என்பது என் கருத்து. மற்ற விளையாட்டுகள் திரைக்குச் சென்றபோது தமக்குப் பழக்கமில்லாத மண்ணில் கால் வைத்தன. ‘மார்ட்டல் காம்பாட்’ விளையாட்டோ தற்காப்புக் கலைத் திரைப்படங்களிலிருந்தே பிறந்தது. அதைப் படமாக எடுத்தவர்கள் அந்தப் பிறப்பை அறிந்திருந்தார்கள். அதைத் தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

விளையாட்டு உருவான விதத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். சிகாகோ நகரின் மிட்வே நிறுவனத்தில் எட் பூன், ஜான் டோபியாஸ், ஜான் வோகல், டான் ஃபோர்டன் என்ற நால்வர் கொண்ட சிறு குழு, ஓராண்டுக்கும் குறைவான காலத்தில், நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காக அதை உருவாக்கியது. ஜப்பானிய நிறுவனமான கேப்காமின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991-இல் ஆர்கேட் கூடங்களைக் கைப்பற்றியிருந்ததால், அதற்கு ஒரு போட்டி தேவைப்பட்டது. கேப்காமின் வீரர்கள் கையால் வரையப்பட்டவர்கள். மிட்வே குழுவினரோ உண்மையான தற்காப்புக் கலைஞர்களைக் கேமரா முன் நிறுத்தி, அவர்களுடைய குத்தையும் உதையையும் படம்பிடித்து, அந்தப் படங்களையே கணினிக்குள் ஏற்றினார்கள். தொடக்கத்தில் நடிகர் ஜான்-க்ளோட் வான் டாமை மையமாக வைத்து ஒரு விளையாட்டைச் செய்வதே திட்டமாக இருந்தது. அது கைகூடாமல் போகவே, அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஜானி கேஜ் என்ற கற்பனை நடிகர் வந்து சேர்ந்தார். கால்களை அகல விரித்துத் தரையில் அமர்ந்து எதிராளியின் அடிவயிற்றில் குத்தும் கேஜின் புகழ்பெற்ற அடி, வான் டாம் நடித்த 1988-ஆம் ஆண்டின் ‘பிளட்ஸ்போர்ட்’ படத்திலிருந்து வந்ததுதான்.

மற்ற பாத்திரங்களின் வேர்களும் திரைப்படங்களிலேயே இருக்கின்றன. இடியின் கடவுளான ரைடனுக்கும் கிழட்டு மந்திரவாதி ஷாங் சுங்குக்கும் ஜான் கார்ப்பென்டரின் ‘பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா’வில் முன்னோர்கள் உண்டு. தனித் தீவு, அங்கே நடக்கும் மர்மப் போட்டி, பல நாடுகளிலிருந்து படகில் வந்து சேரும் வீரர்கள் என்ற மொத்த அமைப்பும் 1973-இல் புரூஸ் லீ நடித்த ‘என்டர் த டிராகன்’ படத்துக்குக் கடன்பட்டது. சண்டையும் நான்கு கைகள் கொண்ட கோரோ போன்ற அரக்கர்களும் ஒரே இடத்தில் கலப்பது ஹாங்காங் மாயாஜாலப் படங்களின் வழக்கம். இவ்வாறு ஏற்கெனவே பாதி திரைப்படமாக இருந்த ஒரு விளையாட்டே தயாரிப்பாளர் லாரன்ஸ் கசனாஃபின் கண்ணில் பட்டது.

கசனாஃப் அதற்கு முன் ஜேம்ஸ் கேமரூனின் லைட்ஸ்டார்ம் நிறுவனத்தில் பணியாற்றியவர். ‘டெர்மினேட்டர் 2’ படத்தை ஆர்கேட் விளையாட்டாக்கும் வேலை அவரை மிட்வேயோடு இணைத்தது. அங்கே ‘மார்ட்டல் காம்பாட்’ இயந்திரத்தை ஆடிப் பார்த்த அவருக்கு, அது ஒரு விளையாட்டோடு நிற்கப்போவதில்லை, படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் மேடை நிகழ்ச்சியாகவும் வளரக்கூடிய ஒரு கதையுலகம் என்று தோன்றியிருக்கிறது. மிட்வே நிர்வாகம் முதலில் நம்பவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகே உரிமை கிடைத்தது. விநியோகத்தை ஏற்ற நியூ லைன் சினிமா, 1990-இல் ‘டீனேஜ் மியூட்டன்ட் நின்ஜா டர்ட்டில்ஸ்’ படத்தை வெளியிட்டுப் பெரும் லாபம் கண்ட நிறுவனம் என்பதால், இளையோர் விரும்பும் தற்காப்புக் கலைக் கற்பனைக்கு உள்ள சந்தையை அது ஓரளவு அறிந்திருந்தது.

ஆனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. அமெரிக்கப் பொதுவெளியில் இந்த விளையாட்டின் பெயர் ரத்தத்தோடு பிணைந்திருந்தது. தோற்றவனின் இதயத்தைப் பிடுங்குவது, தலையை முதுகெலும்போடு உருவி எடுப்பது போன்ற ‘ஃபேட்டாலிட்டி’ என்னும் இறுதி அடிகளே அதன் புகழுக்கும் வசைக்கும் காரணம். 1993 செப்டம்பரில் வீட்டில் ஆடும் விளையாட்டுக் கருவிகளுக்கு அது வந்தபோது, நின்டெண்டோ பதிப்பில் ரத்தம் நீக்கப்பட்டது. சேகா பதிப்பிலோ ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் ரத்தம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் செனட்டர்கள் ஜோசஃப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் விளையாட்டு வன்முறை குறித்து நடத்திய விசாரணையில் அடிக்கடி அடிபட்ட பெயர்களில் இதுவும் ஒன்று. அந்த விசாரணையின் அழுத்தத்தால்தான் விளையாட்டுகளுக்கு வயதுவாரியான தரக்குறியீடு வழங்கும் அமைப்பு 1994-இல் அமெரிக்காவில் உருவானது.

இத்தகைய விளையாட்டைப் படமாக்கும்போது ரத்தத்தை வைப்பதா, விடுவதா? வைத்தால் விளையாட்டை ஆடும் சிறுவர்களே திரையரங்குக்குள் நுழைய முடியாது. விட்டால் பெயருக்கே துரோகம் என்று அவர்களே தூற்றக்கூடும். தயாரிப்பாளர்கள் ரத்தத்தை விட்டுவிட்டு, பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் எச்சரிக்கையோடு கூடிய சான்றிதழுக்கு ஏற்பவே படத்தை எடுத்தார்கள். அன்று இது சமரசமாகத் தெரிந்திருக்கலாம். இன்று பார்க்கையில், படத்தைக் காப்பாற்றிய முடிவுகளில் முதன்மையானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொலையின் கோரத்தைக் காட்ட வழியில்லாமல் போனதால், கொலைக்கு முன்னால் நடக்கும் சண்டையை ரசிக்கும்படி அமைத்தே தீர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்பட்டது.

இயக்குநராக வந்த பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் அதற்கு முன் எடுத்திருந்தது, கார் திருடும் இளைஞர்களைப் பற்றிய ‘ஷாப்பிங்’ என்ற சிறிய ஆங்கிலப் படம். கிராஃபிக்ஸ் காட்சிகளில் அவருக்கு அனுபவம் கிடையாது. ஆனால் அவர் அந்த ஆர்கேட் இயந்திரத்தை ஆடித் திளைத்தவர். ஆடுபவனுக்கு எது முக்கியம் என்பதை உள்ளிருந்து அறிந்தவர். கெவின் ட்ரோனி எழுதிய திரைக்கதை, விளையாட்டு எங்கிருந்து வந்ததோ அந்த ‘என்டர் த டிராகன்’ சட்டகத்துக்கே ஒளிவுமறைவின்றித் திரும்பியது. தம்பியின் மரணத்துக்குப் பழிவாங்க வரும் லியூ காங், தன் திறமை போலியல்ல என்று நிரூபிக்கத் துடிக்கும் நடிகர் ஜானி கேஜ், கானோ என்ற குற்றவாளியைத் துரத்தி வந்து வலையில் சிக்கும் சோனியா பிளேட் ஆகிய மூவரும் ஒரே கப்பலில் ஒரு தீவுக்குப் போகிறார்கள். ஒன்பது போட்டிகளில் வென்றுவிட்ட ‘புற உலகம்’ என்னும் வேற்றுலகம் பத்தாவதிலும் வென்றால் பூமி அதன் கைக்குப் போய்விடும். பின்னணி இவ்வளவுதான், பார்வையாளருக்கு வேறெதையும் விளக்க வேண்டியதில்லை. போட்டி என்ற வடிவமே அடுத்தடுத்த சண்டைகளுக்கு நியாயத்தைத் தந்துவிடுகிறது.

நடிகர் தேர்வில்தான் படத்தின் துணிச்சலும் தயக்கமும் ஒருங்கே தெரிகின்றன. நாயகன் லியூ காங்காக, ஹாங்காங்கில் பிறந்து அங்குள்ள அதிரடிப் படங்களில் அடியும் உதையும் வாங்கி வளர்ந்த ராபின் ஷௌ தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய நடிகர் ஒருவர் ஹாலிவுட் படமொன்றில் உலகைக் காக்கும் நாயகனாக நிற்பது அன்று அரிதிலும் அரிது. ஜாக்கி சானின் ‘ரம்பிள் இன் த பிராங்க்ஸ்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்ததே 1996-இல்தான். மறுபுறம், கிழக்காசியத் தொன்மத்திலிருந்து வந்த ரைடன் வேடம் ‘ஹைலேண்டர்’ புகழ் கிறிஸ்டோபர் லம்பேர்ட்டுக்குப் போனது. சுவரொட்டியில் ஒரு தெரிந்த முகம் தேவைப்பட்டதே காரணம். அந்தத் தேர்வை இன்று நியாயப்படுத்த இயலாது. ஆயினும் லம்பேர்ட் அந்த வேடத்துக்கு ஒரு குறும்பான நிதானத்தைக் கொடுத்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. தோக்கியோவில் பிறந்த கேரி-ஹிரோயுகி டகாவா ஷாங் சுங்காக ஒவ்வொரு வசனத்தையும் ருசித்துப் பேசினார். விளையாட்டில் கூன் விழுந்த கிழவனாக இருந்த பாத்திரம் அவரால் கம்பீரமான வில்லனாயிற்று. சோனியாவாக நடிக்கவிருந்த கேமரன் டயஸுக்குப் பயிற்சியின்போது மணிக்கட்டில் காயம் ஏற்பட்டதால் பிரிட்ஜெட் வில்சன் அந்த இடத்துக்கு வந்தார். ஜானி கேஜாக லிண்டன் ஆஷ்பியும், புற உலக இளவரசி கிட்டானாவாகத் தலிசா சோட்டோவும், கானோவாக ட்ரெவர் கோடார்ட்டும் அமைந்தனர்.

வெளிப்புறக் காட்சிகளுக்குப் படக்குழு தாய்லாந்து சென்றது. கிராபிப் பகுதியில் கடலிலிருந்து நேராக எழும் சுண்ணாம்புப் பாறைகளும், 1767-இல் பர்மியப் படையெடுப்பில் அழிந்த அயுத்தயா நகரின் கோயில் இடிபாடுகளும் ஷாங் சுங்கின் தீவுக்கு உருவம் கொடுத்தன. சில இடங்களுக்குப் படகில் மட்டுமே போக முடியும் என்பதால், கேமராக்களும் விளக்குகளும் ஆட்களும் படகுகளிலேயே சென்றார்கள். குறைந்த செலவில் எடுத்த படத்துக்கு இந்த நிலப்பரப்பு தந்த விரிவை எந்த அரங்கும் தந்திருக்காது. லம்பேர்ட்டின் நெருக்கக் காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸிலேயே எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டிருந்தும், அவர் தாமாகவே தாய்லாந்து வந்து நடித்தார் என்று ஆண்டர்சன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இனி சண்டைகளுக்கு வருவோம்; படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சண்டை அமைப்புப் பொறுப்பு பேட் ஈ. ஜான்சனிடம் இருந்தது. ‘கராத்தே கிட்’ படத்துக்கும் ‘நின்ஜா டர்ட்டில்ஸ்’ படத்துக்கும் சண்டை அமைத்த அவர், ‘என்டர் த டிராகன்’ படத்தில் ஒரு சிறு வேடத்தில் நடித்தவரும்கூட. அமெரிக்கக் கராத்தே மரபில் வந்த அவருடைய சண்டைகள் உறுதியானவை, தெளிவானவை. ஆனால் சற்றே கனமானவை. ராபின் ஷௌ கொண்டுவந்தது வேறொரு மரபு. ஹாங்காங் முறையில் ஒரு சண்டை என்பது அடிகளின் தொகுப்பு மட்டும் அன்று; அதற்குத் தாளமும் இடைநிறுத்தமும் உண்டு, ஒவ்வொரு வீச்சும் அடுத்ததற்கு இடம் விட்டு நகரும், மேசையும் தூணும் சுவரும் சண்டையில் பங்கெடுக்கும். கேமரா எட்ட நின்று முழு உடலையும் காட்டும். அடிப்பவனும் அடிவாங்குபவனும் ஒரே காட்சிச் சட்டத்துக்குள் இருப்பதால், நடப்பது உண்மை என்று கண் நம்பும்.

படத்தை முன்னோட்டமாகப் பார்த்தவர்கள் இன்னும் சண்டை வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோ கூடுதல் பணம் ஒதுக்க, படத்தில் இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பகுதிகள் அப்போதுதான் உருவாயின. ஜானி கேஜுக்கும் ஷாங் சுங்கின் ஏவலாளான ஸ்கார்ப்பியனுக்கும் காட்டில் தொடங்கும் மோதல், எலும்புகளும் சாரங்களும் நிறைந்த நரகத்துக்குள் இறங்கி நீண்டது. லியூ காங்குக்கும் பல்லியாக உருமாறும் எதிரி ரெப்டைலுக்கும் இடையிலான சண்டை முற்றிலும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. இந்தக் கூடுதல் சண்டைகளை அமைத்தவர் ஷௌதான். ரெப்டைலாக நடித்த கீத் குக்கும் கைதேர்ந்த தற்காப்புக் கலைஞர் என்பதால், இருவரும் மாற்றாள் உதவியை அதிகம் நாடாமல் முழு வேகத்தில் மோத முடிந்தது. அந்தச் சண்டையில் தூணில் மோதியதில் தம் விலா எலும்பு முறிந்ததாக ஷௌ பின்னர் சொல்லியிருக்கிறார். படத்தின் தொடக்கச் சண்டைகளையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே படத்துக்குள் இரண்டு மரபுகள் பேசுவதை எளிதில் உணரலாம். ஹாங்காங் சண்டை அமைப்பாளர் யுவென் வூ-பிங்கின் கைவண்ணத்தோடு ‘மேட்ரிக்ஸ்’ வெளிவருவதற்கு ஏறத்தாழ நான்காண்டுகள் முன்பே, ஹாங்காங்கின் சண்டைத் தாளம் ஹாலிவுட்டின் பொது ரசனைக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று இங்கே திறந்திருக்கிறது. இதற்குரிய மதிப்பு இந்தப் படத்துக்கு இதுவரை முறையாக வழங்கப்படவில்லை என்பதே என் ஆதங்கம்.

கிராஃபிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரெப்டைலின் பல்லி வடிவம் அன்றே சுமாராகத்தான் இருந்தது. டாம் உட்ரஃப் உள்ளிட்டோரின் அமால்கமேட்டட் டைனமிக்ஸ் நிறுவனம் செய்த கோரோ, உள்ளே ஆள் நிற்க வெளியிலிருந்து பலர் முகத்தையும் கைகளையும் இயக்கிய எந்திரப் பொம்மை. படப்பிடிப்பில் அது பாடாய்ப் படுத்தியது. ஆனாலும் அதற்கு எடை இருந்தது, நிழல் விழுந்தது.

இசைக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். படத்தின் பெயரையே போர்முழக்கமாக ஒரு குரல் கத்த, அதைத் தொடர்ந்து பாயும் டெக்னோ இசையை உருவாக்கியவர்கள் ‘தி இம்மார்ட்டல்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய பெல்ஜியக் கலைஞர்கள். வீட்டுக் கருவிப் பதிப்பின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒலித்த அந்த முழக்கம், இசைத் தொகுப்பு வழியாகப் படத்துக்குள் வந்தது. ஜார்ஜ் எஸ். கிளின்டனின் பின்னணி இசையோடு, ஃபியர் ஃபேக்டரி, கேஎம்எஃப்டிஎம், ஆர்பிட்டல் போன்ற குழுக்களின் மெட்டல், மின்னணு இசைத் துண்டுகள் சண்டைகளுக்கு அடியில் ஓடின. நடன அரங்கின் தாளத்துக்குச் சண்டையைப் பொருத்தியது, ஆர்கேட் கூடத்தின் இரைச்சலையும் பரபரப்பையும் திரையரங்குக்குள் கொண்டுவந்தது. அந்த இசைத்தொகுப்பு அமெரிக்காவில் பிளாட்டினம் தகுதி பெற்றது.

முதல் வாரயிறுதியில் சுமார் 2.3 கோடி டாலர், அமெரிக்காவில் மொத்தம் சுமார் 7 கோடி, உலகெங்கும் 12 கோடிக்கு மேல் எனப் படம் வசூலித்தது. விமர்சகர்களின் வரவேற்பு கலவையாகவே இருந்தது. வசனங்கள் தட்டையானவை, கதை மெல்லியது என்ற குற்றச்சாட்டுகளில் உண்மை உண்டு. விளையாட்டில் தலைமுறைப் பகைவர்களான ஸ்கார்ப்பியனும் சப்-ஜீரோவும் இங்கே மந்திரவாதியின் ஏவலாளர்களாகச் சுருங்கியதும், சோனியா இறுதியில் மீட்கப்பட வேண்டிய கைதியாக்கப்பட்டதும் உண்மையான குறைகள்.

வெற்றியின் காரணத்தை அதை ஈட்டியவர்களே புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு 1997 நவம்பரில் வந்த ‘மார்ட்டல் காம்பாட்: அனைஹிலேஷன்’ சான்று. ஆண்டர்சன் விலகிவிட, முதல் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் ஆர். லியோனெட்டி இயக்கினார். முதன்மை நடிகர்களில் ஷௌவும் சோட்டோவும் மட்டுமே தம் வேடங்களில் திரும்பினர். செலவு கூடியது, ஆனால் போட்டி என்ற சட்டகம் கைவிடப்பட்டது. விளையாட்டில் வந்த பாத்திரங்களையெல்லாம் வரிசையாக அழைத்து வந்து, பெயர் சொல்லி, ஒரு சண்டை போட்டு அனுப்பிவிடுவதே திரைக்கதையாயிற்று. கிராஃபிக்ஸ் காட்சிகள் முடிக்கப்படாதவை போலவே திரைக்கு வந்தன. உலக வசூல் முதல் படத்தின் பாதியைக்கூட எட்டவில்லை. அடுத்த திரைப்படம் வர ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

ஆண்டர்சனோ விளையாட்டுகளை விடவில்லை. 2002-இல் அவர் தொடங்கிய ‘ரெசிடென்ட் ஈவில்’ படவரிசை ஆறு படங்களில் நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. விளையாட்டிலிருந்து படம் எடுப்பதே ஒரு நிலையான தொழிலாக முடியும் என்பதை முதலில் நிறுவியவர் அவர்தான்.

படத்தின் தாக்கம் விளையாட்டுக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்தது அதன் மரபின் மிகச் சுவையான பகுதி. ஆங்கிலேயரான கோடார்ட் தம்மை ஆஸ்திரேலியர் என்று சொல்லிக்கொண்டு, கானோவுக்கு ஒரு முரட்டு உச்சரிப்பைக் கொடுத்தார். அந்தப் பாத்திரத்துக்கு விளையாட்டில் முதலில் வேறு பிறப்பு வரலாறு இருந்தது. ஆனால் கோடார்ட்டின் குரல் ரசிகர் மனத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ள, பிந்தைய விளையாட்டுகள் கானோவை ஆஸ்திரேலியராகவே மாற்றிவிட்டன. 2021-இன் புதிய படத்தில் அந்த வேடத்துக்கு ஆஸ்திரேலிய நடிகர் ஜாஷ் லாசன் வந்தது அந்த மாற்றத்தின் நீட்சியே. லியூ காங்குக்கும் கிட்டானாவுக்கும் இடையிலான நெருக்கமும் படத்தில் அரும்பி, விளையாட்டுக் கதையில் வேர்விட்டது.

சைமன் மெக்வாய்ட் இயக்கி, ஜேம்ஸ் வான் தயாரிப்பில் தென் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட அந்த 2021 படம், 1995-இல் விடுபட்ட அனைத்தையும் தருவதாக வாக்களித்தது. ரத்தம் வந்தது, ஃபேட்டாலிட்டிகள் வந்தன, ரைடனாக ஜப்பானிய நடிகர் தடனோபு அசானோ வந்தார். பழைய ஜப்பானில் ஹிரோயுகி சனாடாவும் ஜோ தஸ்லிமும் மோதும் தொடக்கக் காட்சி, முதல் படத்தின் எந்தச் சண்டைக்கும் குறைந்ததன்று. ஆனால் விளையாட்டில் இல்லாத கோல் யங் என்ற புதியவரை நாயகனாக்கி, போட்டியே நடக்காத கதையொன்றை அது சொன்னது. பல சண்டைகள் துண்டுதுண்டாக வெட்டப்பட்டதால், கைதேர்ந்த கலைஞர்களின் உடல்மொழி வெட்டுகளுக்கிடையே தொலைந்துபோனது. 1995-இன் படம் எதை விட்டது என்பதைக் கவனித்தவர்கள், அது எதைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

மிட்வே 2009-இல் திவாலான பிறகு வார்னர் நிறுவனத்தின் கீழ் எட் பூனின் குழு நெதர்ரெல்ம் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. 2019-இல் அவர்கள் வெளியிட்ட ‘மார்ட்டல் காம்பாட் 11’ விளையாட்டில் ஷாங் சுங்கின் முகமும் குரலும் டகாவாவினுடையவை. 2020-இல் சேர்க்கப்பட்ட கூடுதல் தொகுப்பு ஒன்றில் லம்பேர்ட், ஆஷ்பி, வில்சன் மூவரும் தங்கள் பழைய தோற்றத்தோடும் சொந்தக் குரலோடும் ரைடனாக, கேஜாக, சோனியாவாக வந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு முந்தைய படத்துக்கு அதைப் பெற்றெடுத்த விளையாட்டே செய்த இந்த மரியாதை மனமார வரவேற்கத்தக்கது. ஆனால் அந்தத் தொகுப்பில் ராபின் ஷௌ இடம்பெறவில்லை. படத்தின் நாயகன் அவர். ரெப்டைல் சண்டையை அமைத்தவரும் அவர். இனி வரும் விளையாட்டுகளில் லியூ காங்குக்கு ஒருமுறையேனும் அவருடைய முகம் வழங்கப்பட வேண்டும்.